நீல விளிம்பு

மிருதுளா கண்டுபிடித்த டம்ளர் பார்வைக்குச் சாதாரண டம்ளர்தான். வெள்ளை நிறம், கைக்கு அடக்கம், கீழே போட்டால் உடையாது. ஆனால் அதில் வாய் வைத்துக் குடிக்கிறவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் விளிம்பு நீலமாகிவிடும். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் தேய வேண்டியதும் கிடையாது. டீக்கடையில் ஒரு டீ குடித்தால் போதும், ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு நினைப்புக்காகத்தான் கோயமுத்தூர் ஆய்வுக்கூடத்தில் தன் இளமையில் நல்ல பங்கை அவள் செலவழித்திருந்தாள்.

நம் ஜனங்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். டம்ளர் டீக்கடைக்குப் போகவில்லை, பெண் பார்க்கும் வீடுகளுக்குப் போனது. மாப்பிள்ளை காபி குடிக்க, வீடே அவன் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பார்த்தது. கல்யாண விளம்பரங்களில் படிப்பு, உயரம், நட்சத்திரத்தோடு 'வெள்ளை விளிம்புக் குடும்பம்' என்பதும் சேர்ந்துகொண்டது. தன்னைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பொருளை வைத்து அடுத்த வீட்டைப் பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. கம்பெனிக்காரர்கள் ஆறு ஆறாக அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே குத்துவிளக்குப் படம் வேறு அச்சடித்து விற்றார்கள். மிருதுளா ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டாள். "நல்லா விக்குதில்ல, விடுங்க மேடம்" என்பதே பதிலாக வந்தது.

அதனால்தான் ஆதிலிங்கத்திடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஆதி அதே கம்பெனியில் டம்ளரை அச்சில் வார்க்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். சொந்த ஊர் உடன்குடி. இரண்டு வருடம் ஒரே கேன்டீனில் சாப்பிட்டதில் வந்த காதல்.

"நம்ம கல்யாணப் பேச்சுல அந்த டம்ளர் தலை காட்டக் கூடாது. உங்க வீட்டுலயும் சரி, எங்க வீட்டுலயும் சரி."

"எங்க அம்மைக்கு அது என்னன்னே தெரியாது. நான் பிளாஸ்டிக் கம்பெனில இருக்கேன், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்" என்றான் ஆதி. மகன்கள் அம்மாக்களைப் பற்றி இப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே மிருதுளாவின் குடும்பம் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பியது. எல்லாம் பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா மயில்சாமி, அம்மா வேணி, அப்பாவின் அண்ணன் நாச்சிமுத்து. மனைவி போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட நாச்சிமுத்துதான் அந்த வீட்டில் மிருதுளாவுக்கு உயிர். கார் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு போக, அப்பாவும் அம்மாவும் தூங்கிப்போயிருக்க, தூத்துக்குடியில் வாங்கிய மக்ரூன் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு பெரியப்பா கேட்டார்.

"ஏங்கண்ணு, எனக்குச் சக்கரை இருக்குதா இல்லியான்னு பிளாஸ்டிக்குக்கு எப்படித் தெரியும்?"

"பிளாஸ்டிக்குக்குத் தெரியாதுங்க பெரிப்பா. அதுக்குள்ள நொதி வெச்சிருக்கறோம். நம்ம வயித்துல சோத்தைச் செரிக்க வெக்குதில்ல, அந்த மாதிரி ஒண்ணு. இந்த நொதிக்கு ஒரே வேலைதான் தெரியும். எச்சில்ல குளுக்கோஸ் கூடுதலா இருந்தா கண்டுபிடிச்சுரும். உடனே நீலம்."

"காப்பில போடற சக்கரை?"

"அது வேறங்க, குளுக்கோஸ் வேற. கடைச் சக்கரையை நொதி ஏறெடுத்தும் பாக்காது."

"இத்தனை சுளுவான வேலைக்கா உனக்கு இத்தனை வருசம்?"

"நொதி சூடு தாங்காதுங்க. முட்டையாட்டம் வெந்துரும். பிளாஸ்டிக்கை உருக்காம அச்சுல ஊத்த முடியாதே. அதனால ஒவ்வொரு நொதிக்கும் ஒரு சட்டை போட்டு விட்டோம். அந்தச் சட்டையைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை வருசம். இப்ப உருக்குனாலும் சாகாது, கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஊத்துனாலும் சாகாது."

"எங்க வெச்சிருக்கறீங்க அதை?"

"வெளிப்பக்கமா, கீழுதடு படற எடத்துல ஒரு வளையம். உதடு பட்டாத்தான் வேலை செய்யும்."

"அப்படியா" என்றார் நாச்சிமுத்து. அதற்குப் பிறகு உடன்குடி வரும்வரை அவர் நொதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மக்ரூன் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

ஆதியின் அம்மா செல்வபாக்கியம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கணவர் சர்க்கரையில் முதலில் ஒரு பாதத்தையும், பிறகு சிறுநீரகத்தையும், கடைசியில் உயிரையும் இழந்தவர். அவரைத் தூக்கி உட்காரவைத்து, புண்ணைக் கழுவி, ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் இவள்தான். இப்போது அவர் கூடத்துச் சுவரில் மாலையோடு இருந்தார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க. வழியில சிரமம் ஒண்ணும் இல்லயே?" என்று முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றாள். மிருதுளாவின் கன்னத்தைத் தொட்டு, "போட்டோவ விட நேர்ல நல்லாருக்கியே மக்களே" என்றாள். மிருதுளாவுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று.

பிறகு காபி வந்தது. தட்டில் வெள்ளை டம்ளர்கள். விளிம்புக்குக் கீழே மெல்லிய வளையம். தான் பெற்ற பிள்ளையைத் திருடனின் கையில் பார்த்த மாதிரி இருந்தது மிருதுளாவுக்கு. ஆதியைப் பார்த்தாள். அவன் முகம் செத்துப் போயிருந்தது. அவனுக்குத் தெரியாது என்பதும், இப்போது தட்டைத் தட்டிவிடவும் முடியாது என்பதும் ஒரே பார்வையில் புரிந்தது. கோபம் உச்சிக்கு ஏறினாலும் டம்ளரை எடுத்தாள். எடுக்காவிட்டால் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்றாகிவிடும்.

எல்லோரும் குடித்தார்கள். செல்வபாக்கியம் எதிரே உட்கார்ந்து, பரீட்சை மேற்பார்வைக்கு வந்த மாதிரி ஒவ்வொரு உதடாகப் பார்த்தாள்.

முதலில் மயில்சாமியின் விளிம்பு நீலமாயிற்று. அடுத்தது வேணி. அடுத்தது மிருதுளா. பளிச்சென்ற நீலம், சந்தேகத்துக்கே இடமில்லை. நாச்சிமுத்து மட்டும் தலையை நிமிர்த்தி, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்து முடித்துக் கீழே வைத்தார். அவருடையது வெள்ளையாகவே இருந்தது.

செல்வபாக்கியத்தின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "மூணு பேருக்குமா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"என்னங்க மூணு பேருக்கு?" என்று கேட்ட மயில்சாமி, மகளின் முகத்தையும் டம்ளரையும் பார்த்துப் புரிந்துகொண்டார். புரிந்த மாத்திரத்தில் அவருக்கு வியர்த்தது. "வேணி, கொஞ்ச நாளாவே எனக்குக் கால் மதமதங்குது, சொன்னனில்ல? ராத்திரி தண்ணி தாகம் வேற."

"நீங்க எங்க சொன்னீங்க? எனக்குத்தான் கண்ணு மங்கலாட்டம் தெரியுது" என்றாள் வேணி. காரில் வரும்போது கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்போடு வந்தவர்கள் இருவரும்.

"எம்மா, இந்த டம்ளர எங்கருந்து வாங்குன?" என்று ஆதி பல்லைக் கடித்தான்.

"பஜார்லதான். ஏன், வாங்கக் கூடாதா?" செல்வபாக்கியம் எழுந்து நின்றாள். குரல் உடைந்திருந்தது. "ஒங்களக் கொற சொல்லல. நீங்க நல்ல மனுசங்கன்னு பாத்தாலே தெரியுது. ஆனா அவியளுக்குக் கால எடுத்தப்போ, எடுத்த கால என் கையிலதான் சுத்திக் குடுத்தாவ. எங்க பொதைக்கணும்னு எங்கிட்டதான் கேட்டாவ. அந்த நெலம என் மவனுக்கு வரக் கூடாது. அதுக்காகத்தான் பாத்தேன். என்ன மன்னிச்சிருங்க."

மிருதுளாவுக்குக் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. இந்த அம்மாளைத் திட்ட முடியாது. ஆனால் கல்யாணம் கண் முன்னால் நழுவிக்கொண்டிருக்கிறது. அதை நழுவ வைக்கிற டம்ளரோ அவள் பெற்ற டம்ளர். அது பொய் சொல்லாது என்று மேடை மேடையாகச் சத்தியம் செய்தவளும் அவள்தான்.

"அத்தை, ஒரு நிமிஷமுங்க" என்றாள். "எனக்குப் போன மாசம்தான் ரத்தப் பரிசோதனை பண்ணுனாங்க. ஒண்ணுமே இல்ல. எனக்கு நீலம் வரவே கூடாது. இந்த டம்ளரைச் செஞ்சதே நான்தானுங்க."

செல்வபாக்கியம் மகனைப் பார்த்தாள். ஆதி தலையாட்டினான். "பிளாஸ்டிக் கம்பெனின்னியல்லால?" என்றாள்.

"பிளாஸ்டிக்தானம்மா இது!"

"நீங்க ரெண்டு பேரும் இதே காப்பியை இதே மாதிரி டம்ளர்ல குடிங்க" என்றாள் மிருதுளா. ஆதி உள்ளே ஓடி ஊற்றிக்கொண்டு வந்தான். அவன் குடித்தான், நீலம். செல்வபாக்கியம் தயங்கித் தயங்கி உதட்டில் வைத்தாள். அதுவும் நீலம். "எனக்குமா!" என்று அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

மிருதுளாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "காப்பிக்கு என்ன சக்கரைங்க போட்டீங்க?"

"சக்கரையா? எங்க வீட்டுக்குள்ள சீனி வந்ததே கெடையாது. உடன்குடியில வந்து சீனிக் காப்பி கேப்பியளா? கருப்பட்டி."

மிருதுளா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "அய்யோ, ஆதி! நம்ம எல்லாப் பரிசோதனையும் எங்க பண்ணுனோம்? கேன்டீன் காப்பியில! வெள்ளைச் சக்கரைக் காப்பியில!" பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பதநியைக் கொதிக்க வெச்சுக் காய்ச்சறப்போ அதுல இருக்கற சக்கரை கொஞ்சம் உடைஞ்சு குளுக்கோஸா மாறிரும். அந்தக் குளுக்கோஸ் உதட்டுல ஒட்டியிருக்குது. நொதிக்கு ஒடம்புல இருந்து வந்ததா, பனையில இருந்து வந்ததான்னு எப்படித் தெரியும்? இந்த ஊர்ல யாருக்குக் குடுத்தாலும் நீலம்தான் வரும்."

செல்வபாக்கியம் கையை வாயில் வைத்தாள். "அப்போ அந்த நாசரேத்துப் பிள்ள? அதுக்கு முன்ன வந்த சாத்தான்குளத்துக்காரி? ரெண்டு பேரயும் நீலம்னு வேண்டாம்னுட்டேனே!"

"நல்லவேளை" என்று ஆதி வாய்க்குள் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. மயில்சாமியின் கால் மதமதப்பு நின்றது. வேணிக்கு எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரின் பொடி எழுத்துக்கூடத் தெரிந்தது.

கணக்கு டீச்சர் விடவில்லை. விடை தப்பென்றால் மறுபடி போட்டுப் பார்க்கிற பழக்கம். "அப்போ வெறுந் தண்ணியில பாப்பமா மக்களே? மனசு ஆறிரும்."

மிருதுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாக்கலாமுங்க. ஆனா நாங்க குடிக்கறது, நீங்க பாக்கறதுன்னா வேண்டாமுங்க. எல்லாரும் குடிக்கணும். ஆதியும், நீங்களும். இல்லாட்டி யாரும் வேண்டாம். கல்யாணம் நின்னாலும் சரி, இதுல நான் எறங்கி வர மாட்டேன்."

வேணி மகளின் முட்டியைக் கிள்ளினாள். செல்வபாக்கியம் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "கோவம் நல்லாத்தான் வருது ஒனக்கு" என்றாள். "சரி, எனக்கென்ன? நானும் குடிக்கேன்."

வாயில் கருப்பட்டி இருக்கக் கூடாதே. எல்லோரும் கொல்லைக் குழாயில் வரிசையாக நின்று வாய் கொப்பளித்தார்கள். பிறகு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும் என்றாள் மிருதுளா. உடன்குடி வெயிலைப் பற்றியும் கோயமுத்தூர் வெயிலைப் பற்றியும் பேசினார்கள். வெயிலும் தீர்ந்துபோன பிறகு புது டம்ளர்களில் தண்ணீர் வந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள். மயில்சாமி வெள்ளை, வேணி வெள்ளை, மிருதுளா வெள்ளை, ஆதி வெள்ளை. நாச்சிமுத்து இந்த முறையும் அண்ணாந்து குடித்தார். வெள்ளை.

"அப்பாடி! முருகா!" என்று செல்வபாக்கியம் தன் டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கைகூப்பினாள். "அண்ணாச்சியப் பாருங்க, கருப்பட்டிக்கும் அசரல, தண்ணிக்கும் அசரல. கல்லு மாதிரி ஒடம்பு."

மிருதுளா பெரியப்பாவைப் பார்த்தாள். உதடு படாமல் குடித்தவருக்கு எந்தக் காலத்திலும் நீலம் வராது என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஆதி அம்மாவின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், இதைக் கவனிக்கவில்லை. காரில் அவர் கேட்டதும், கேட்டுவிட்டு அமைதியானதும் மிருதுளாவுக்கு இப்போது புரிந்தது. அவர் ஒளிக்க நினைப்பதைப் பிடுங்கிப் போடும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். ஆனால் அவள் முகம் அப்படிப்பட்ட முகமல்ல. எதையும் மறைக்கத் தெரியாது.

நாச்சிமுத்து அந்த முகத்தைப் பார்த்தார். செம்பிலிருந்து தன் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினார். உதட்டில் நன்றாக அழுத்தி வைத்து, மடக் மடக்கென்று குடித்துவிட்டு, டம்ளரை நடு டீப்பாயில் வைத்தார். மயில் கழுத்து நிறத்தில் விளிம்பு மின்னியது.

"ரொம்ப வருசமா இருக்குதுங்க" என்றார். "வீட்டுல யாருக்கும் தெரியாது. ருசியா ரெண்டு வாய் திங்கறதையும் புடுங்கிப்போடுவாங்கன்னு சொல்லல. இது என்ற ஒருத்தன் வியாதி, புள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. ஆனா இவளை ஒரு பொய் சொல்லி உங்க வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வல்லீங்."

"அப்ப நீங்க தெனமும் போடற அந்த வாயு மாத்திரை?" என்றாள் வேணி.

"அது வாயுவுக்கு இல்ல, அம்மிணி."

கல்யாணம் போனால் போகட்டும், இந்த மனிதர் தனக்குக் கிடைத்ததே போதும் என்றுகூட மிருதுளாவுக்கு ஒரு கணம் தோன்றியது. எல்லோரும் செல்வபாக்கியத்தைப் பார்த்தார்கள்.

செல்வபாக்கியம் எழுந்தாள். நேரே நாச்சிமுத்துவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "காலக் காட்டுங்க அண்ணாச்சி" என்றாள்.

"அய்யோ, என்னங்க இது, எந்திரிங்க."

"காட்டுங்கங்கேன்!" பாதத்தைப் பிடித்துத் திருப்பினாள், விரலிடுக்குகளை விரித்துப் பார்த்தாள், குதிகாலை அழுத்தினாள். "இங்க அமுக்கினா தெரியுதா? இங்க? வெறுங் காலோட நடக்கியளா? இந்தக் கீறல் எப்ப வந்துச்சு? வழியில என்ன தின்னிய, உண்மையச் சொல்லுங்க."

"மக்ரூனுங்க. கொஞ்சூண்டு."

"முழுப் பொட்டலம்" என்றார் மயில்சாமி.

செல்வபாக்கியம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தத் திட்டில் ஒரு தெம்பு இருந்தது. யாரையோ காப்பாற்ற முடியாமல் போன கைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று ஆதிக்குத் தோன்றியது. அவனுக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க டம்ளர்களை அடுக்கி உள்ளே எடுத்துக்கொண்டு போக எழுந்தவன், ஜன்னல் திண்டில் அம்மா வைத்த டம்ளரை எடுத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்னல அது? எதுக்கு மறைக்க?" என்றாள் செல்வபாக்கியம், நாச்சிமுத்துவின் பாதத்தை விடாமல்.

அவள் எழுந்து வந்து அவன் கையிலிருந்து தன் டம்ளரை வாங்கினாள். வெளிர் நீலம். விரலால் தேய்த்துப் பார்த்தாள். முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

"கருப்பட்டி இன்னும் வாயில இருக்கும் போல, என்ன மக்களே?" என்று மிருதுளாவிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கண்கள் கெஞ்சின.

"இல்லீங்க அத்தை" என்றாள் மிருதுளா. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருந்திருந்தா எங்களுக்கும் நீலம் வந்திருக்கும். ஆனா வெளிர் நீலம்தானுங்க. ஆரம்பம். இப்பத் தெரிஞ்சது எவ்வளவு நல்லது தெரியுமுங்களா? நாளைக்கே போய் ரத்தம் குடுத்துப் பாத்துரலாம், நான் கூட வர்றேன்."

"எத்தன நாளா இந்த டம்ளர் வீட்டுல கெடக்கு" என்றாள் செல்வபாக்கியம் மெதுவாக. "படியேறி வந்த ஒருத்தர விடல. எல்லாருக்கும் குடுத்துப் பாத்தேன். நான் ஒரு நாளும் இதுல ஒரு வாய் குடிச்சதில்ல. பயம் மக்களே, பயம்."

சுவரிலிருந்த கணவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, மயில்சாமிக்கு எதிரே வந்து நேராக உட்கார்ந்தாள்.

"நான் ஒங்களப் பாத்து என்ன கேக்கணும்னு வச்சிருந்தேனோ, அத இப்போ நீங்க என்னப் பாத்துக் கேக்கணும். கேக்க மாட்டிய, அதனால நானே கேக்கேன். சக்கரை இருக்க வீட்டுக்குப் பொண்ணு குடுப்பியளா?"

மயில்சாமி வாயைத் திறப்பதற்குள் வேணி முந்திக்கொண்டாள். "தட்டு எங்கீங்க? எமகண்டம் பொறக்கப் போகுது. சட்டுன்னு எடுத்துட்டு வாங்க, மாத்திக்கலாம்."

செல்வபாக்கியம் உள்ளே போனாள். வெற்றிலை பாக்குத் தட்டு எடுத்துவர அவ்வளவு நேரம் ஆக வேண்டியதில்லை. அழுகிறாளோ என்று ஆதி எழப் போனபோது, முகம் கழுவிப் புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ, ஒரு கிண்ணத்தில் கற்கண்டு. பெரியவர் என்ற முறையில் நாச்சிமுத்து எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். நீட்டிய கைகள் அப்படியே நிற்க, அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சம்பந்திம்மா, வாயில என்னங்க?"

"இதுதான் கடைசி அண்ணாச்சி" என்றாள் செல்வபாக்கியம், கற்கண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு.